அரை அங்குல மரை

சைலன்ஸர் என்ற சொல்லை நம்மில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளின் மூலமாகத்தான் அறிந்திருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையாண்டான் அதைக் கழற்றி வைத்துவிட்டு விடியற்காலையில் வண்டியைக் கிளப்பும்போது அந்தச் சாமானின் அருமை நமக்குத் தெரிகிறது. இன்னொரு சைலன்ஸரும் உண்டு. அதை நாம் கண்ணால் பார்த்ததில்லை. துப்பறியும் நாவல்களில் படித்ததோடு சரி. வில்லன் கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் குழாயை எடுப்பான். நிதானமாகத் துப்பாக்கி முனையில் வைத்துத் திருகுவான். 'புஸ்' என்று ஒரு சின்னச் சத்தம். அடுத்த அறையில் சீட்டாடிக் கொண்டிருப்பவர்கள் தலை நிமிரக்கூட மாட்டார்கள்.

கதை எழுதும் ஜாதியைச் சேர்ந்தவர்கள் இந்த முறையில் எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறார்கள். ஆனால் குழாயைத் திருகுகிறானே, எதன் மேல் திருகுகிறான் என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. கடையில் வாங்கும் கைத்துப்பாக்கியின் குழல் முனை வழவழவென்று இருக்கும். போல்ட்டில் நட்டு ஏற வேண்டுமானால் மரை வேண்டாமா?

மரை என்றால் பிரமாதமான சங்கதி ஒன்றுமில்லை. பவுண்டன் பேனாவின் கழுத்தில் மூடி ஏறுவதற்காகச் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கிறதே, அதுதான். பிஸ்டலில் வரும்போது குழல் வழக்கத்தைவிட அரை அங்குலம் போல நீண்டு முன்னால் தலை நீட்டும். அந்த நீட்டலின் மேல், அமெரிக்க அளவில், அங்குலத்துக்கு 28 சுற்று என்ற கணக்கில் மரை வெட்டியிருப்பார்கள். அடிபட்டுக் கெடாமலிருக்க அதன் மேல் ஒரு சின்ன வளையம். அவ்வளவுதான். அந்த அரை அங்குலத்துக்காக அமெரிக்காவில் வாடிக்கைக்காரர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். சட்டசபைகள் ஷரத்து எழுதுகின்றன. தொழிற்சாலைகள் ஒரே பிஸ்டலை இரண்டு தினுசாகச் செய்கின்றன. தானாக ஒரு காரியமும் செய்யாமல், இன்னொன்று வந்து சேருவதற்காக வெறுமனே காத்துக்கொண்டிருக்கும் ஒரு சாமானுக்கு இத்தனை சரித்திரமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சரித்திரம் ஒரு தகப்பனாரிடமும் பிள்ளையிடமும் தொடங்குகிறது.

தகப்பனார் ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்ஸிம். 1840-ல் அமெரிக்காவில் மெயின் மாகாணத்தில் பிறந்தவர். 1881-ல் மனைவியையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு ஐரோப்பாவுக்குப் போனார், லண்டனில் தங்கிவிட்டார். அங்கே அவர் செய்ததுதான் மெஷின் கன். ஒரு குண்டு வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறதல்லவா, அந்த உதையின் பலத்தைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுடும் இயந்திரம். நிமிஷத்துக்குச் சுமார் 600 குண்டுகள். ஆப்பிரிக்காவில் ஈட்டியோடு ஓடி வந்த ஜனங்களையும், பிறகு முதல் உலக யுத்தத்தில் பதுங்கு குழிகளிலிருந்து எழுந்து வந்த வாலிபர்களையும் அது புல் அறுப்பதுபோல் அறுத்தது. பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு 1901-ல் 'ஸர்' பட்டம் கொடுத்தது. துப்பாக்கி அவருக்குக் கொடுத்தது செவிட்டுத்தனம். தம் இயந்திரத்தின் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்று நின்று கடைசிக் காலத்தில் அவருக்குக் காது கேட்காமல் போயிற்று.

பிள்ளை ஹைரம் பெர்ஸி மாக்ஸிம். தகப்பனார் கப்பல் ஏறியபோது பையனுக்கு ஏறக்குறைய 12 வயது. அமெரிக்காவிலேயே வளர்ந்து, படித்து, இஞ்சினீயராகி, ஆரம்ப கால மோட்டார் வண்டிகளைச் செய்து கொண்டிருந்தார். 1909 மார்ச்சில் அவருக்கு ஒரு பேடண்டு கிடைத்தது. எதற்கு என்கிறீர்கள்? துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் குழாய்க்கு! ஒரு நாவலாசிரியன் கதையில் இப்படி எழுதினால் விமர்சகர்கள், "தகப்பன் சத்தம் செய்தான், பிள்ளை சத்தத்தை அடக்கினான் என்பதெல்லாம் ரொம்பச் செயற்கை ஐயா" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். வாழ்க்கைக்கு விமர்சகர்களிடம் பயம் கிடையாது.

குளியல் தொட்டியில் தண்ணீர் வடியும்போது அது சுழன்று சுழன்று மெதுவாக இறங்குவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். துப்பாக்கி வாயிலிருந்து அடைபட்ட வாயு ஒரே பாய்ச்சலாக வெளியே குதிப்பதால்தானே வெடிச்சத்தம்? அதைச் சுற்ற விட்டு, ஆற விட்டு, தயங்கித் தயங்கி வெளியே அனுப்பினால் என்ன? ஒரு குழாய், உள்ளே வரிசையாகத் தடுப்புத் தகடுகள், நடுவில் குண்டு போக ஒரு துவாரம். கனெக்டிகட் மாகாணத்தில் ஹார்ட்போர்டு நகரில் அவருடைய கம்பெனி அதைச் செய்து விற்றது. துப்பாக்கி சுடுவது அந்தக் காலத்து அமெரிக்கரின் பொழுதுபோக்கு. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் சுடலாமே என்பதுதான் விளம்பரம். முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கூட ஒரு வின்செஸ்டர் ரைபிளில் மாக்ஸிமின் குழாயைப் பொருத்தி வைத்திருந்தார். விலை சில டாலர்கள்தான். துப்பாக்கிக் குழலில் மரை வெட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு மனமில்லாதவர்களுக்காக ஓர் இணைப்புக் கண்ணியும் தனியாக விற்றார்கள். இந்த மனிதர் வெறும் மௌனப் பிரியர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1914-ல் அமெரிக்க அமெச்சூர் ரேடியோக்காரர்களின் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் இவரே.

'சைலன்ஸர்' என்ற பெயர் மட்டும் வியாபாரத்துக்காக வைத்த பெயர். உண்மையில் அது மௌனம் ஆக்குவதில்லை. ஒரு சாதாரண 9 மில்லிமீட்டர் பிஸ்டலின் சத்தம் ஏறக்குறைய 160 டெசிபல். நல்ல சைலன்ஸர் அதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். மிச்சம் இருப்பதே காதைப் பொத்திக்கொள்ளப் போதுமானது. வினாடிக்குச் சுமார் 1,100 அடி என்னும் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகிற குண்டாக இருந்தால், அது காற்றைக் கிழிக்கும் 'சடார்' என்ற சத்தம் தனி. அதைக் குழாய் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த அறைச் சீட்டாட்டக்காரர்கள் நிச்சயமாகத் தலை நிமிர்வார்கள். ஆனால் கேட்டது துப்பாக்கிதான் என்று உடனே புரிந்துகொள்வார்களா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

மாக்ஸிமின் வியாபாரம் ரைபிளோடு நின்றது. பிஸ்டலுக்கு அது எட்டாததற்குக் காரணம் உண்டு. ரிவால்வரில் தோட்டாச் சக்கரத்துக்கும் குழலுக்கும் நடுவே ஓர் இடுக்கு. முனையை எவ்வளவு அடைத்தாலும் சத்தம் அந்த இடுக்கு வழியாக வெளியேறிவிடும். (சினிமாவில் ரிவால்வர் முனையில் சைலன்ஸரைக் கண்டால், டைரக்டர் துப்பாக்கியைத் தொட்டதில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.) தானியங்கிப் பிஸ்டலில் வேறு சங்கடம். ஜான் பிரௌனிங் என்ற மேதை வகுத்த முறையில், சுடும்போது குழலே சற்றுப் பின்வாங்கிச் சாய்ந்து எழும். அந்த அசைவினால்தான் காலித் தோட்டா வெளியேறிப் புதியது ஏறுகிறது. குழல் முனையில் கனமான குழாயைத் தொங்கவிட்டால் அந்த ஆட்டம் நின்று போகும். பிஸ்டல் ஒரு குண்டோடு முடங்கிவிடும். பிற்காலத்தில் குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங்கை வைத்து இந்தச் சங்கடத்தைத் தீர்த்தார்கள். அதற்குள் சட்டம் முந்திக்கொண்டது.

மதுவிலக்குக் காலத்து அமெரிக்காவில் கள்ளச் சாராயக் கோஷ்டிகள் ஒன்றையொன்று சுட்டுத் தீர்த்த கதை நேயர்களுக்குத் தெரிந்ததே. 1929 பிப்ரவரியில் சிக்காகோ கராஜ் ஒன்றில் 7 பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். 1933-ல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதிப் பதவி ஏற்கும் முன்பே மயாமியில் அவரைக் குறி வைத்தான் ஒருவன். குண்டு சிக்காகோ மேயரின் மேல் பாய்ந்தது. 1934-ல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. மெஷின் கன், குழல் குறுக்கிய துப்பாக்கிகள், சைலன்ஸர் ஆகியவற்றைக் கைமாற்றினால் 200 டாலர் வரி. சர்க்காரில் பதிவும் செய்ய வேண்டும். தடை என்று ஒரு வார்த்தை கிடையாது. சில டாலர் சாமானுக்கு 200 டாலர் வரி என்றால், அன்றைய நிலையில் அது தடைதான்.

இந்தச் சட்டத்தில் வேடிக்கை என்னவென்றால், மசோதாவாக வந்தபோது அதில் பிஸ்டலும் ரிவால்வரும் இருந்தன. நடக்கிற கொலைகளில் பெரும்பங்கு கைத்துப்பாக்கியால்தானே நடக்கிறது? ஆனால் எதிர்ப்பு வலுத்தபோது கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள். சைலன்ஸருக்காகப் பேச யாரும் வரவில்லை. அது உள்ளேயே தங்கிவிட்டது. மாக்ஸிமின் கம்பெனியே அதற்கு முன்னால் இஞ்சின்களின் சத்தத்தை அடக்கும் தொழிலுக்குத் திரும்பியிருந்தது. இப்படியாக, கொல்லுகிற பாகம் சட்டத்துக்கு வெளியிலும், கொல்லுகிற சத்தத்தைக் குறைக்கிற பாகம் சட்டத்துக்கு உள்ளேயும் நின்றன. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று கேட்டால், அந்த மரையில்தான் ஓடுகிறது. மரை வரைக்கும் சாதாரணத் துப்பாக்கி. மரைக்கு அப்பால் கைரேகை, புகைப்படம், 200 டாலர்.

பிறகு முப்பது வருஷம் சத்தமில்லாத பிஸ்டல் ஒற்றர்களின் சொத்தாக இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க உளவு ஸ்தாபனம் ஹை ஸ்டாண்டர்ட் கம்பெனியின் .22 பிஸ்டலில் சைலன்ஸரைக் குழலோடு குழலாகச் சேர்த்துச் செய்வித்தது. அந்த வகைப் பிஸ்டல் ஒன்று 1960 மே முதல் தேதி ரஷ்ய மண்ணில் விழுந்தது; சுட்டு வீழ்த்தப்பட்ட யூ-2 விமானத்தின் ஓட்டி காரி பவர்ஸிடம் அது இருந்தது. உலகமே கவனித்த அந்த வழக்கில், 'வானிலை ஆராய்ச்சிக்காரரிடம் சைலன்ஸர் வைத்த பிஸ்டல் எதற்கு?' என்ற கேள்விக்கு அமெரிக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. வியட்நாம் யுத்தத்தின்போது கடற்படைக்காரர்களுக்காக ஸ்மித் அண்டு வெஸ்ஸன் பிஸ்டல் ஒன்றின் குழலை நீட்டி, மரை வெட்டி, சைலன்ஸரோடு கொடுத்தார்கள். காவல் நாய்களைக் குரைக்க விடாமல் முடிப்பதற்கு என்பதால் அதற்கு 'ஹஷ் பப்பி' என்று செல்லப் பெயர். நாய்க்குட்டியே, சத்தம் போடாதே என்று அர்த்தம். யுத்தத்தில் பிறக்கும் ஹாஸ்யம் சில சமயம் வயிற்றைப் பிசைகிறது.

தொழிற்சாலையிலிருந்தே மரையோடு வந்து, கடை வீதி வரையில் இறங்கியது வேறொரு துப்பாக்கி. கார்டன் இங்கிராம் என்பவர் வகுத்த மாக்-10. மிட்செல் வெர்பெல் என்ற பழைய உளவாளி செய்த சைலன்ஸர் அதற்கு ஜோடி. 1970-ல் இதற்கென்றே ஜார்ஜியா மாகாணத்தில் ஒரு கம்பெனி ஏற்பட்டது. செங்கல்லுக்குக் கைப்பிடி வைத்தாற்போன்ற உருவம். அதன் முன்னால் பருமனான மரை. அதன் மேல் துப்பாக்கியைவிட நீளமான சைலன்ஸர். 1974-ல் ஜான் வெயின் ஒரு படத்தில் அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். சேனைகள் வாங்கும் என்று நம்பினார்கள். எதிர்பார்த்த அளவு வாங்கவில்லை. 1970களின் நடுவிலேயே கம்பெனி திவாலாயிற்று. ஆனால் சந்ததி பிழைத்தது. அதே உருவத்தில், விசையை இழுத்தால் ஒரு குண்டு மட்டும் போகும் மலிவான பிஸ்டல்கள் கடைகளுக்கு வந்தன. மரை மாறவில்லை. அதில் மாட்டுவதற்கென்று, உள்ளே ஒன்றுமில்லாத போலிக் குழாய்களும் விற்பனையாயின! சத்தம் ஒரு டெசிபல் கூடக் குறையாது. பார்வைக்கு மட்டும் பயங்கரம். மரை வெட்டிய பிஸ்டலுக்கு ஏற்பட்ட முதல் ஜனச்சந்தை இதுதான் என்று நினைக்கிறேன். வாங்கியவர்கள் வாங்கியது மௌனத்தை அல்ல, தோற்றத்தை.

தோற்றத்தை விற்றால் சட்டமும் தோற்றத்தைத்தானே பார்க்கும்? 1993 ஜூலை முதல் தேதி சான்பிரான்ஸிஸ்கோவில் கலிபோர்னியாத் தெரு 101-ஆம் எண் கட்டடத்தில் ஒருவன் புகுந்து 8 பேரைக் கொன்றான். அவன் கையிலிருந்தவற்றில் இன்ட்ராடெக் கம்பெனியின் டெக்-டிசி9 பிஸ்டல்கள் இரண்டு. மரை வெட்டிய முனை உள்ளவை. மறு வருஷம் செப்டம்பர் 13-ஆம் தேதி ஜனாதிபதி கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டத்தில் இப்படிப்பட்ட பிஸ்டல்களுக்கு ஒரு ஜாதக லட்சணம் எழுதினார்கள். கைப்பிடிக்கு வெளியே தோட்டாப் பெட்டி, குழலைச் சுற்றி உறை, 50 அவுன்ஸுக்குக் குறையாத எடை, மெஷின் கன் வமிசம், சைலன்ஸர் முதலியன ஏற்கத்தக்க மரை. ஐந்து லட்சணங்களில் இரண்டு சேர்ந்தால் புதிதாகச் செய்து விற்கக் கூடாது.

இன்ட்ராடெக் என்ன செய்தது? மரையை நீக்கியது, உறையை நீக்கியது, அதே பிஸ்டலுக்கு ஏபி-10 என்று பெயர் சூட்டி விற்றது. 'ஏபி' என்றால் 'ஆப்டர் பான்', அதாவது தடைக்குப் பின். சட்டம் செய்தவர்களைப் பார்த்து நாக்கைத் துருத்துவது போன்ற இந்தப் பெயரை நினைத்தால் கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. ஆனால் கம்பெனி ஒரு விதத்தில் உண்மையைச் சொல்லிவிட்டது. மரை போனதால் துப்பாக்கியின் கொல்லும் சக்தியில் அணுவளவும் குறையவில்லை.

இந்தச் சட்டத்தின் ஆயுள் 10 வருஷம். 2004 செப்டம்பர் 13-ஆம் தேதி அது தானாகவே காலாவதியாயிற்று. அதற்குப் பிறகுதான் நம்முடைய மரைக்கு ராஜயோகம். பத்து வருஷம் சட்டப் புத்தகத்தில் குற்ற லட்சணமாக அச்சேறியிருந்த ஒன்று, விளம்பரத்தில் சிறப்பு லட்சணமாக அச்சேறத் தொடங்கியது. அதுவும் டெக்-9 போன்ற மலிவுச் சரக்கில் அல்ல. போலீஸாருக்கும் ராணுவத்துக்கும் பிஸ்டல் செய்யும் பெரிய கம்பெனிகளின் சரக்கில். ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் அமெரிக்க விசேஷப் படைகளுக்காக மார்க் 23 என்ற .45 பிஸ்டலை மரையோடும் சைலன்ஸரோடும் செய்து 1996-லிருந்து கொடுத்து வந்தது. .45 குண்டு ஒலியைவிட மெதுவாகப் போவதால் சைலன்ஸருக்கு அது உகந்தது. ராணுவம் கட்டிய உடுப்பைக் கட்டிப் பார்க்க ஆசைப்படாத குடிமகன் எந்தத் தேசத்தில் இருக்கிறான்? ஸிக் ஸாவர், வால்தர், பெரெட்டா, எப்.என்., குளோக், ரூகர், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் என்று ஒவ்வொன்றாக மரை வெட்டிய தினுசை வெளியிட்டன. சைலன்ஸர் குறி பார்ப்பதை மறைக்குமே என்று குறிமுள்ளையும் உயர்த்தி வைத்தார்கள்.

இதில் ஒரு கூத்து. ஐரோப்பியக் கம்பெனிகள் பல, தங்கள் ஊர் வழக்கப்படி மில்லிமீட்டர் அளவில், இடப்புறம் திருகும் மரை வெட்டி அனுப்பின. அமெரிக்கர்கள் அங்குல அளவில் வலப்புறம் திருகும் மரைக்குப் பழகியவர்கள். ஆசையாக வாங்கிய பிஸ்டலும் ஆசையாக வாங்கிய குழாயும் ஜாதகப் பொருத்தமில்லாத சம்பந்தம் போல ஒன்றோடொன்று சேர மறுக்கும். சைலன்ஸர்க் கம்பெனிகள் அதற்கென்று அடிப்பாகத்தை மாற்றி மாற்றிப் போடும்படி செய்ய வேண்டியதாயிற்று. அதற்கு நேர்மாறான விபரீதமும் உண்டு. .22-க்கும் 9 மில்லிமீட்டருக்கும் அமெரிக்க மரை ஒன்றே. சின்னத் துவாரமுள்ள குழாய் பெரிய குண்டுத் துப்பாக்கியில் சுலபமாக ஏறிவிடும். சேருகிறது என்பதற்காக மாட்டிச் சுட்டால் குழாயும் போகும், கையும் போகலாம்.

வாங்குகிறவர் மனத்தை யோசித்துப் பார்க்கிறேன். சைலன்ஸர் வாங்க விண்ணப்பம் போட்டுவிட்டு மாதக்கணக்கில், சில சமயம் வருஷத்தை ஒட்டிக்கூட, காத்திருந்த காலம் அது. பிஸ்டலோ பல மாகாணங்களில் அன்றைக்கே கையில் கிடைத்துவிடும். ஆகவே மரை வெட்டிய பிஸ்டலை இன்று வாங்கி வைப்போம், குழாய் என்றைக்காவது வரட்டும் என்று நினைக்கிறார். பெண் பிறந்ததும் பாத்திரம் வாங்கிச் சேர்க்கத் தொடங்கும் நம் வீட்டுப் பெரியவர்களின் மனசுதான். பாத்திரம் பரணில் இருக்கும். கல்யாணம் நடந்தால் நடக்கும்.

நடக்கவும் நடந்தது. பதிவு பெற்ற சைலன்ஸர்கள் 2016 தொடக்கத்தில் சுமார் 9 லட்சம். 2021 மே மாதத்தில் 26 லட்சத்துக்கு மேல். 1934-ல் மலையாக இருந்த 200 டாலர், அதே 200 டாலராகவே நின்று, விலைவாசி ஏற ஏறக் கூழாங்கல்லாகத் தேய்ந்துவிட்டது காரணங்களில் ஒன்று. மரை வெட்டிய கம்பெனிகளே குழாயும் செய்யத் தொடங்கின. ஸிக் ஸாவர் செய்தது, 2016-ல் ரூகர் செய்தது. யூட்டா மாகாணத்து சைலன்ஸர்கோ என்ற கம்பெனி 2015-ல் சைலன்ஸரை உடம்பிலேயே கொண்ட ஒரு பிஸ்டலை அறிவித்து, அதற்கு 'மாக்ஸிம் 9' என்று பெயர் வைத்தது. தகப்பனார் பெயர் அல்ல, பிள்ளையின் பெயர்.

சைலன்ஸர்க் கட்சியாரின் வாதம் காது. அதை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. 140 டெசிபலுக்கு மேல் ஒரே வெடி காதைக் கெடுக்கும் என்பது வைத்திய சாஸ்திரம். மாக்ஸிம் கிழவரே சாட்சி. பின்லாந்திலும் நார்வேயிலும் வேட்டைக்காரர் ரைபிளில் சைலன்ஸர் மாட்டுவது அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் மரியாதை. அமெரிக்காவில் வரியையும் பதிவையும் எடுத்துவிட வேண்டுமென்று 'செவிப் பாதுகாப்பு மசோதா' என்ற பெயரிலேயே 2015-லும் 2017-லும் கொண்டுவந்தார்கள். அந்த ஷரத்து அடங்கிய மசோதாவைப் பற்றி 2017 ஜூன் 14-ஆம் தேதி காங்கிரஸில் விசாரணை நடப்பதாக இருந்தது. (காங்கிரஸ் என்றால் அவர்களுடைய பார்லிமெண்டு, கட்சி அல்ல.) அன்று காலை வாஷிங்டனுக்கு அருகே பேஸ்பால் பழகிக் கொண்டிருந்த காங்கிரஸ் அங்கத்தினர்களையே ஒருவன் சுட்டான். விசாரணை தள்ளிப் போயிற்று. அக்டோபர் முதல் தேதி லாஸ் வேகாஸில் சங்கீதக் கச்சேரி கேட்க வந்த கூட்டத்தின் மேல் ஹோட்டல் ஜன்னலிலிருந்து ஒருவன் குண்டு மாரி பொழிந்தான். மசோதா அலமாரிக்குள் போயிற்று.

இப்போது அடுத்த அறைக்காரர்களுக்கு வருகிறேன். 2019 மே 31-ஆம் தேதி மாலை, வர்ஜீனியா பீச் நகரத்து நகரசபைக் கட்டடத்தில், அங்கேயே வேலை பார்த்த இஞ்சினீயர் ஒருவன் 12 பேரைச் சுட்டுக் கொன்றான். கையில் .45 பிஸ்டல், முனையில் சைலன்ஸர், எல்லாம் சட்டப்படி வாங்கியவை. தப்பித்தவர்களில் சிலர், முதலில் கேட்டது துப்பாக்கி என்றே தோன்றவில்லை, ஆணி அடிக்கும் இயந்திரம் போலிருந்தது என்றார்கள். மரத்தில் ஆணி அடிக்கிறார்கள் என்று எண்ணி, கோப்பைப் புரட்டிக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு குமாஸ்தாவை நினைத்துப் பார்க்கிறேன். துப்பாக்கிச் சத்தம் சுடுகிறவன் காதுக்குக் கேடு. சுடப்படப் போகிறவன் காதுக்கு அதுவே எச்சரிக்கை. வேட்டைக்காட்டில் முதல் காது பெரிது. ஆபீஸ் கட்டடத்தில் எனக்கு இரண்டாவது காதுதான் பெரிதாகத் தோன்றுகிறது.

2024 டிசம்பர் 4-ஆம் தேதி நியூயார்க்கில், ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தலைவர் பிரையன் தாம்ஸன் நடைபாதையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு சுட்டவன் பிஸ்டலின் மேற்பாகத்தைக் கையால் இழுப்பதைத் தெருக் காமிராவில் உலகம் பார்த்தது. பிரௌனிங் பிஸ்டலும் சைலன்ஸரும் ஒத்துப்போகாத பழைய சங்கடம் பலருக்கு அதைப் பார்த்ததும் நினைவு வந்தது. பிடிபட்டவனிடம் கிடைத்ததாகப் போலீஸார் எழுதிய பத்திரத்தில், முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்த பிஸ்டல், அதே விதமாகச் செய்த சைலன்ஸர், மரை வெட்டிய உலோகக் குழல் என்று இருந்தது. நியூயார்க் மாகாணத்தில் சைலன்ஸரும் கூடாது, தானியங்கிப் பிஸ்டலில் மரையும் கூடாது.

அதற்கு ஏழு மாதத்துக்குப் பிறகு, 2025 ஜூலை 4-ஆம் தேதி, ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரவு செலவுச் சட்டத்தின் ஒரு மூலையில் சைலன்ஸர் வரி பூஜ்யமாக்கப்பட்டது. 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமல். 1934-லிருந்து ஒரு டாலர் கூடாமல் குறையாமல் நின்ற 200 டாலர் அப்படியே மறைந்தது. கைரேகையும் புகைப்படமும் பதிவும் மட்டும் பாக்கி. மாதக்கணக்கில் நடந்த விண்ணப்பங்கள் அதற்கு முன்பே கம்ப்யூட்டர் வழியில் சில நாளில் முடியத் தொடங்கியிருந்தன.

சைலன்ஸரை 42 மாகாணங்கள் அனுமதிக்கின்றன. 8 மாகாணங்கள் அனுமதிப்பதில்லை. அந்த எட்டில் ஒன்றான கலிபோர்னியாவின் 1999-ஆம் வருஷச் சட்டம் ஐந்தில் இரண்டு என்றெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. தோட்டாப் பெட்டியைக் கழற்றி மாட்டும் தானியங்கிப் பிஸ்டலில் மரை இருந்தாலே போதும், குற்றம். பக்கத்து நெவாடாவில் அதே மரை கடைக் கண்ணாடிக்குள் விலைச் சீட்டோடு இருக்கலாம். ஆகவே ஒரே தொழிற்சாலையில், ஒரே கைப்பிடியின் மேல், ஒரே விசைக்கு முன்னால் இரண்டு குழல்கள் தயாராகின்றன. அரை அங்குலம் நீண்டது ஒரு பெட்டிக்குள் போகிறது; நீளாதது இன்னொரு பெட்டிக்குள் போகிறது. நீண்டதன் முனையில் வளையத்தைத் திருகி, பெட்டியை மூடுகிறார்கள்.